கேபிள் அறுந்தால் முதலில் என்ன, அடுத்து என்ன: ராமநாதபுரம் கடலோர ரயில் பிரிவில் டெலிகாம் பழுது நீக்க முழுமையான வழிகாட்டி

மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒற்றைப் பாதையில் ராமநாதபுரத்தைத் தாண்டி வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் என்று போகப் போக மண் மணலாகிறது, காற்றில் உப்பு ஏறுகிறது. பாதையோரம் புதைந்திருப்பது மற்ற இடங்களில் உள்ள அதே ஜோடிதான்: ஓர் ஓஎஃப்சி (கண்ணாடி இழையில் ஒளியைக் கடத்தும் ஆப்டிகல் ஃபைபர் கேபிள்), பக்கத்தில் ஒரு 6 குவாடு தாமிரக் கேபிள் (நான்கு நான்கு கம்பிகளாக முறுக்கிய ஆறு கட்டுகள்). சீமைக்கருவேலம் பிடுங்க வரும் ஜேசிபியோ, குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுப்பவர்களோ வெட்டினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் முனைகளை உருக்கி இணைப்பதை, புதியவர்கள் பயிற்சியிலேயே கற்றுவிடுகிறார்கள். தடுமாறுவது வேலையின் வரிசையில். சரியாக அளக்காமல் தோண்டுகிறார்கள், சோதிக்காமல் மூடுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறோம். பாம்பன் பாலத்தின் மேல் போகும் கேபிள் இதில் சேராது. அங்கே பாலத்துப் பணியாளர்கள் அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது.

1. பழுது வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

ஓஎஃப்சிக்கு: ஸ்ப்ளைசிங் மெஷின், கிளீவர் (ஃபைபர் முனையை நேராக வெட்டும் கருவி), ஓடிடிஆர் (ஒளி பல்ஸ் அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வெட்டு எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவி), வெற்று ஃபைபரைப் பிடிக்கும் அடாப்டர், ஸ்ட்ரிப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்புத் தாள், இரண்டு ஜாயின்ட் குளோஷர் (இணைப்புகளை மூடி வைக்கும் பெட்டி). 24 ஃபைபர் கேபிளில் இரண்டு ஜாயின்ட் போட்டால், ஒவ்வோர் இணைப்பின் மேலும் போடும் பாதுகாப்பு ஸ்லீவ் 48 தேவை. சில வீணாகும் என்பதால் 60 எடுத்துக்கொள்ளுங்கள்.

குவாடுக்கு: 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்), மல்டிமீட்டர், இரண்டு தெர்மோஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும்) ஜாயின்ட் கிட், கேஸ் டார்ச், பாதையோரச் சாக்கெட்டில் செருகிப் பேசும் எமர்ஜென்சி போன்.

பொதுவாக: கடப்பாரை, மண்வெட்டி, நீர் இறைக்கும் சிறிய பம்ப், தார்ப்பாய், வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்கு, வாக்கிடாக்கி. மஞ்சள் ஒளியில் வெள்ளை ஃபைபரும் மஞ்சள் ஃபைபரும் ஒன்றுபோலத் தெரியும். இரவு வேலையில் நிறம் மாறிப்போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஸ்பேர் கேபிள் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டு எடுங்கள். புதைந்திருக்கும் கேபிளில் இழுப்பதற்கு உபரி இருக்காது. ஆகவே வெட்டின் இரு பக்கமும் 10 மீட்டர் கேபிளைத் தோண்டி மேலே எடுத்து, அதையே லூப்பாக, அதாவது சுருட்டிய உபரியாக, வைக்கிறோம். இடைவெளி 15 மீட்டர் என்றால், இந்த இரண்டு 10 மீட்டர், ஸ்பேர் கேபிளின் சொந்த லூப் இரண்டு 10 மீட்டர், எல்லாம் சேர்த்து 55 மீட்டர். கையில் 70 மீட்டர் இருந்தால் நிம்மதி. லூப் வைக்காமல் இறுக்கமாகப் போட்டால், அடுத்த முறை இதே ஜாயின்ட்டைத் திறப்பவர் குழிக்குள் குந்தியபடியே ஸ்ப்ளைசிங் செய்ய வேண்டியிருக்கும்.

கருவிகளைவிட முக்கியமானவை மூன்று காகிதங்கள்: கேபிள் ரூட் பிளான், ஜாயின்ட் பதிவேடு, கேபிள் நன்றாக இருந்த நாளில் எடுத்த ஓடிடிஆர் ட்ரேஸ் (தூரத்துக்கு ஏற்ப ஒளி இழப்பைக் காட்டும் வரைபடம்). இவை இல்லாமல் கிளம்பினால் நாலாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்ப்ளைசிங் மெஷின் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். உப்பு ஈரம் எலக்ட்ரோடிலும் ஃபைபர் உட்காரும் வி வடிவப் பள்ளத்திலும் படிந்தால், மெஷின் காரணம் சொல்லாமல் மோசமான இணைப்புகளைத் தரும்.

2. பழுது கேபிளில்தானா என்று பாருங்கள்

லிங்க்குகளைக் கண்காணிக்கும் டெஸ்ட் ரூமிலிருந்து "லிங்க் போச்சு" என்று சொன்னதும் வண்டி ஏறாதீர்கள். இரு முனை ஸ்டேஷன்களிலும் 48 வோல்ட் சப்ளை, ஃபியூஸ், பேட்ச் கார்டு (கருவியைக் கேபிளோடு இணைக்கும் சிறு ஃபைபர் வயர்), கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். கடலோரத்தில் ஃபியூஸ் ஹோல்டரும் பேட்டரி டெர்மினலும் பச்சை பூத்துத் தொடர்பு விட்டுப்போவது வாடிக்கை.

இரு முனையிலும் ஒரே நேரத்தில் ஒளி வரவில்லை என்றால் கேபிள் மேல் சந்தேகம் வலுக்கும். ஒரு முனையில் மட்டும் வரவில்லை என்றால் அது ஒரு ஃபைபர், ஒரு பேட்ச் கார்டு அல்லது எதிர்முனை லேசர். குவாடில் ஓடும் கேட் போனும் (லெவல் கிராசிங் கேட்டில் உள்ள போன்) அதே நிமிடத்தில் செத்திருந்தால், வெட்டு என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

இந்த நேரத்திலேயே இரு பக்க ஸ்டேஷன் மாஸ்டர்களிடமும் எந்தெந்த போன், எந்த சர்க்யூட் போயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கேட்டுடன் பேச முடியாத நிலையில் வண்டி நடத்துவது அவர் பொறுப்பு. அவருக்கு முழு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

3. ஓடிடிஆர் வைத்து அளப்பது

அளக்கப்போகும் ஃபைபரின் மறுமுனை கருவியிலிருந்து கழற்றப்பட்டதா என்று போனில் கேட்டு உறுதி செய்த பிறகே ஓடிடிஆரை இணையுங்கள். அதன் பல்ஸ், எதிர்முனை ரிசீவரைக் கெடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கனெக்டர் முனையை ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள்.

ஒளிவிலகல் எண் 1.467 அளவில் இருக்கும். பதிவேட்டில் உள்ள அதே எண்ணையே போடுங்கள். 0.001 மாறினால் 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய 14 மீட்டர் பிழை வரும். பல்ஸ் அகலத்தை, வெட்டு தெரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள். 1 மைக்ரோ விநாடி பல்ஸ் ஃபைபரில் 100 மீட்டர் நீளத்தை மூடும், அதற்குள் இருக்கும் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகவே தெரியும். 100 நானோ விநாடி என்றால் 10 மீட்டர்.

1310, 1550 நானோமீட்டர் ஆகிய இரண்டு அலைநீளத்திலும் அளங்கள். 1310இல் சிறிதாகவும் 1550இல் பெரிதாகவும் இழப்பு தெரிந்தால் அது வெட்டு இல்லை, கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது.

4. ஓடிடிஆர் எண்ணைத் தரைக்கு மாற்றுவது

அதிக நேரம் வீணாவது இந்தப் படியில்தான். ஓடிடிஆர் காட்டுவது ஃபைபரின் நீளம். பாதையோரக் கிலோமீட்டர் கல் காட்டுவது தரையின் நீளம். இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஆள் கூட்டிப்போய்த் தோண்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஃபைபர் நீளமாகத் தெரிய மூன்று காரணங்கள். கேபிளுக்குள் டியூப்கள் முறுக்கிப் போவதால் ஃபைபர் கேபிளைவிடச் சற்று நீளம், தோராயமாக நூற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் இரு பக்கமும் 10, 10 மீட்டர் லூப். ஸ்டேஷனுக்குள் கருவியிலிருந்து வெளிச்சுவர் வரை ஓடும் நீளம்.

ஒரு கணக்கு: ஓடிடிஆரில் வெட்டு 8.956 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. வழியில் நான்கு ஜாயின்ட். லூப்பே 80 மீட்டர், முறுக்குக்கு 90 மீட்டர். நேராகக் கல்லைப் பார்த்துப் போனால் உண்மையான இடத்தைத் தாண்டி 170 மீட்டர் தள்ளித் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரியான வழி, ஸ்டேஷனிலிருந்து அளக்காமல் கடைசி ஜாயின்ட்டிலிருந்து அளப்பது. பழைய ட்ரேஸில் நாலாவது ஜாயின்ட் 8.214இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 742 மீட்டர். ஜாயின்ட்டை விட்டு வெளியேறும் லூப் 10 மீட்டரைக் கழித்தால் 732. முறுக்குக்கு 7 கழித்தால் 725. அந்த ஜாயின்ட் குழியிலிருந்து டேப் பிடித்து 725 மீட்டர் நடங்கள். முன்னும் பின்னும் 20 மீட்டருக்குள் ஏதாவது புது மண், டயர் தடம், பிடுங்கிய வேர் கண்ணில் படும். லெவல் கிராசிங், கல்வெர்ட் (சிறு பாலம்) அருகே கூடுதல் லூப் விட்டிருந்தால் ரூட் பிளானில் இருக்கும், அதையும் கழியுங்கள்.

ஜாயின்ட் மார்க்கர் கல் மணலில் புதைந்து காணாமல் போயிருக்கலாம். உச்சிப்புளிக்கு அப்பால் இது சாதாரணம். அதனால்தான் பதிவேட்டில் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் அருகிலுள்ள கம்பம் அல்லது கல்வெர்ட் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்ற இரண்டாவது அடையாளமும் இருக்க வேண்டும். பனைமரத்தை மட்டும் அடையாளமாக எழுதாதீர்கள்.

எதிர்முனையிலிருந்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இரண்டு அளவையும் கூட்டினால் பதிவேட்டில் உள்ள மொத்த நீளம் வர வேண்டும். 60 மீட்டர் குறைகிறது என்றால் கேபிள் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. ஜேசிபி வாளி கேபிளைக் கொக்கிபோட்டு இழுக்கும்போது இப்படி நடக்கும். ஒரு முனை அளவோடு போனவர்கள் முதல் வெட்டைச் சரிசெய்து மூடிய பிறகுதான் இரண்டாவதைக் கண்டுபிடிப்பார்கள்.

5. பாதையோரத்தில் இறங்கும் முன்

ஒற்றைப் பாதை, வண்டி எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். கடற்காற்று ஹார்ன் சத்தத்தை எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டு போய்விடும், காதை நம்ப முடியாது. வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஓர் ஆளைக் கண்காணிப்புக்கு மட்டும் நிறுத்துங்கள். தோண்டிய மண்ணும் கருவிகளும் தண்டவாளப் பக்கம் சரியாத தூரத்தில் இருக்கட்டும்.

குவாடில் எல்லாக் கம்பியும் அறுந்திருக்காது. மீதியில், ஸ்டேஷன்களுக்கு இடையே வண்டி விடுவதைக் கட்டுப்படுத்தும் பிளாக் சர்க்யூட்டோ, சக்கர அச்சுகளை எண்ணிப் பாதை காலியா என்று காட்டும் ஆக்சில் கவுண்டரோ உயிரோடு ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே அதைத் தொடுவதற்கு முன் சிக்னல் பணியாளரையும் சேர்த்துக்கொண்டு டி/351 துண்டிப்பு மெமோ கொடுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து வாங்குங்கள். "ஏற்கெனவே போயிருக்கே" என்று மெமோ இல்லாமல் வெட்டுவது, ஓடும் வண்டியோடு விளையாடுவது.

25,000 வோல்ட் மின்கம்பி உள்ள பகுதியில் நீளமான தாமிரக் கம்பியில் தூண்டல் மின்னழுத்தம் ஏறியிருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் வரை அதை மின்சாரம் உள்ள கம்பியாகவே நினைத்து, ரப்பர் கையுறையோடு தொடுங்கள். மின்கம்பிக்கு 2 மீட்டருக்குள் கடப்பாரை, ஏணி எதுவும் போகக்கூடாது.

6. தோண்டுவது

கேபிள் புதைக்கும்போது ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இருந்திருக்கும். இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் காற்றுதான் சொல்லும். மணல் குவிந்த இடத்தில் ஒன்றரை மீட்டர், மணல் பறந்த இடத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லாமல் போகலாம். கடைசி அரை மீட்டரைக் கையால் மட்டும் எடுங்கள். கடப்பாரையைச் செங்குத்தாகக் குத்தாமல் சாய்வாகப் போடுங்கள்.

மணல் குழியின் சுவர் நிற்காது. மேலே அகலமாக, கீழே குறுகலாகச் சரிவு விட்டு எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர் ஊறிக்கொண்டே இருக்கும். குழியின் ஒரு மூலையில் கூடுதலாக ஓர் அடி தோண்டி அங்கே பம்ப் ஹோஸை விடுங்கள். வெட்டுப்பட்ட முனைகளை உடனே மேலே தூக்கி, டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். உப்புநீரில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பின்னால் வெட்டி எறிய வேண்டிய நீளத்தைக் கூட்டும்.

7. எவ்வளவு பின்வாங்கி வெட்டுவது

கத்தியால் அறுத்த கேபிளுக்கு ஒரு மீட்டர் போதும். ஜேசிபி இழுத்த கேபிள் வேறு கதை. உறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஃபைபர் நீண்டு, பல மீட்டர் தூரம் நொறுங்கியிருக்கலாம். முனையில் நாலைந்து ஃபைபரை உரித்து, அடாப்டர் மூலம் குழியிலிருந்தே ஸ்டேஷன் பக்கம் ஓடிடிஆர் விட்டுப் பாருங்கள். ட்ரேஸ் சுத்தமாக வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைத் தவிர்த்தால் 24 இணைப்பும் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

8. ஃபைபர் இணைப்பு

லூப் இருப்பதால் வேலையை மேலே கொண்டுவாருங்கள். மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, முடிந்தால் வண்டியின் கதவை மூடிக்கொண்டு உள்ளே செய்யுங்கள். காற்று அடித்தால் மெஷினின் மின்பொறி அலைபாயும், மணல் துகள் கிளீவரில் ஏறும்.

வெளி உறையை 1.2 மீட்டர் அளவுக்கு உரித்து, ஜெல்லியைத் துடைத்து, நடுவில் உள்ள வலுக்கம்பியைக் குளோஷரில் இறுக்குங்கள். அதை இறுக்காமல் விட்டால் இழுவை முழுவதும் ஃபைபர் மேல் விழும்.

டியூப் நிறம் டியூப்போடு, ஃபைபர் நிறம் ஃபைபரோடு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், நீலப்பச்சை. ஒரு டியூப்பில் எத்தனை ஃபைபர் என்பது கேபிளுக்குக் கேபிள் மாறும். ஸ்பேர் கேபிள் வேறு அமைப்பில் இருந்தால், வெட்டும் முன்பே காகிதத்தில் எண் போட்டு ஜோடி சேர்த்துவிடுங்கள்.

எந்த ஃபைபரில் கன்ட்ரோல் (வண்டிகளை நடத்தும் கன்ட்ரோலரின் தொடர்பு) ஓடுகிறது என்று டெஸ்ட் ரூமைக் கேட்டு, அந்த டியூப்பை முழுவதுமாக முதலில் முடியுங்கள். அவசரத்தில் அந்த இரண்டு ஃபைபரை மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு போட நினைத்தால், குளோஷருக்குள் ஃபைபரைச் சுருட்டி வைக்கும் ட்ரேயில் சிக்கல் விழுந்து ஓடும் ஃபைபரையே உடைப்பீர்கள்.

ஒவ்வொரு ஃபைபருக்கும் வரிசை மாறாது: ஸ்லீவ் மாட்டு, உரி, ஆல்கஹாலில் துடை, கிளீவ் செய், மெஷினில் வை. ஸ்லீவை மறந்து இணைத்துவிட்டால் வெட்டி மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை. துடைத்த பிறகு விரல் படக்கூடாது, கிளீவ் செய்த பிறகு துடைக்கக்கூடாது.

மெஷின் காட்டும் இழப்பு ஒரு மதிப்பீடுதான். வரம்பு 0.1 டெசிபல். உண்மை அளவை ஓடிடிஆரில் இரு முனையிலிருந்தும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு பக்கம் 0.18, மறுபக்கம் 0.06 கூடுதலாகக் கிடைப்பதுபோலக் காட்டினால் சராசரி 0.06. இணைப்பு நல்லது. ஒரு பக்க அளவைப் பார்த்துப் பயந்து நல்ல இணைப்பை வெட்டி எறிவது வழக்கமாக நடக்கிறது. ட்ரேயில் சுருட்டும்போது ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

9. குவாடு

இணைக்கும் முன் இரு பக்கமும் மெக்கர் போடுங்கள். அதற்கு முன் ஸ்டேஷனிலும் கேட்டிலும் எல்லாக் கருவிகளையும் மின்னல் தடுப்பான்களையும் கழற்றிவிட வேண்டும். தடுப்பான் இருந்தால் அளவு பொய்யாகக் குறையும், கருவி இருந்தால் 500 வோல்ட்டில் எரியும்.

இன்சுலேஷன் கிலோமீட்டருக்கு 10 மெகாஓம் வேண்டும். நீளம் கூடக் கூட மீட்டர் காட்டுவது குறையும். 8 கிலோமீட்டர் கேபிளில் 1.5 காட்டினால் எட்டால் பெருக்குங்கள், 12. கேபிள் நல்லது. மீட்டர் எண்ணை அப்படியே பார்த்து நல்ல கேபிளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

உண்மையிலேயே குறைந்திருந்தால் தோண்டத் தொடங்காமல், வழியில் உள்ள எமர்ஜென்சி சாக்கெட் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்து உள்ளே உப்புப் படிந்திருக்கும். அதைத் துடைத்து உலர்த்தினாலே அளவு ஏறிவிடும்.

லூப் ரெசிஸ்டன்ஸ் (ஒரு ஜோடியின் போக வர மின்தடை) 0.9 மில்லிமீட்டர் கம்பிக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 56 ஓம். இங்குள்ள 35 டிகிரி வெயிலில் 59 வரும், அது பழுதில்லை.

நான்கு கம்பிகளில் எதிரெதிரே உள்ள இரண்டும் ஒரு ஜோடி. பக்கத்துக் கம்பியை ஜோடியாக எடுத்துவிட்டால் மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். ஆனால் ஒரு போனில் பேசுவது இன்னொன்றில் கேட்கும். ஆகவே தொடர்ச்சிச் சோதனையோடு நிற்காமல் இரண்டு ஜோடியிலும் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள்.

கம்பிகள் முடிந்ததும் அலுமினியத் திரையையும் இரும்புக் கவசத்தையும் ஜாயின்ட்டின் குறுக்கே பட்டைக் கம்பியால் இணைப்பது கட்டாயம். விட்டுவிட்டால் போன் பேசும், ஆனால் மின்சார எஞ்சின் போகும்போதெல்லாம் இரைச்சல் வரும்.

10. மூடுவது

இன்று வேலை செய்யும் ஜாயின்ட் ஐப்பசி மழையில் சாவது இந்தப் படியில் காட்டிய அவசரத்தால்தான். உறை முனையை எமரித் தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, கை வியர்வை படாமல் ரப்பர் சீலைப் போடுங்கள். ஒரு மணல் துகள் சீலுக்கடியில் இருந்தால் போதும், நீர் வழி கண்டுபிடித்துவிடும். தெர்மோஷ்ரிங்க் ஸ்லீவை நடுவிலிருந்து இரு முனைக்கும் சூடாக்குங்கள். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பசை உருகாமல் நிற்கும். முனையில் பசை சுற்றிலும் பிதுங்கியிருக்க வேண்டும். ஆறும் வரை அசைக்காதீர்கள்.

சோதனை எல்லாம் முடிந்த பிறகே குழியில் இறக்குங்கள். குளோஷரைக் குழியின் அடியில் வைக்காமல், ஓரத்தில் செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். லூப்பை வட்டமாகச் சுருட்டி, மேலே செங்கல் பரப்பி மூடுங்கள். இரும்புக் கிளாம்ப் இரண்டு வருடம்கூடத் தாங்காது, துருப்பிடிக்காத எஃகையே போடுங்கள்.

11. ஒப்படைப்பதும் எழுதி வைப்பதும்

அருகிலுள்ள சாக்கெட்டில் எமர்ஜென்சி போனைச் செருகி கன்ட்ரோலரிடம் பேசுங்கள். ஒவ்வொரு கேட்டிலும் மணி அடித்துப் பேசுங்கள். பிளாக், ஆக்சில் கவுண்டர் சர்க்யூட்டுகளைச் சிக்னல் பணியாளர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மறுஇணைப்பு மெமோ கொடுக்க வேண்டும். போன் பேசுகிறது என்பதால் அவையும் சரி என்று ஆகாது.

அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: இரண்டு புது ஜாயின்ட்களின் இடம், தரை அளவில் இரண்டு அடையாளங்கள், ஜாயின்ட்டின் இரு பக்கமும் கேபிள் உறையில் அச்சிட்டுள்ள மீட்டர் எண், ஆழம், ஒவ்வொரு ஃபைபரின் இழப்பு. உறை எண்ணைப் படித்துக்கொள்ள கேபிள் வெளியே கிடக்கும் இந்த ஒரு நேரம்தான் வாய்ப்பு. ஓடிடிஆரில் புது ட்ரேஸ் எடுத்துப் பழையதன் இடத்தில் வையுங்கள். ஸ்பேர் கேபிள் சேர்ந்ததால் இந்த இடத்துக்கு அப்பால் உள்ள எல்லா ஜாயின்ட்டின் தூரமும் மாறியிருக்கும்.